பெரியப்பா மூட்டச் சொன்ன கணப்பு: ‘மேன்ஸ்ஃபீல்ட் பார்க்’ ஃபேனி நன்றி கெட்டவளா?

கேள்வி

ஜேன் ஆஸ்டனின் ‘மேன்ஸ்ஃபீல்ட் பார்க்’கை இரண்டாவது தடவையாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். நேற்று ராத்திரி மூன்றாம் தொகுதியின் முதல் அத்தியாயத்தோடு புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அவ்வளவு கோபம்.

படித்தவர்களுக்கு இடம் ஞாபகம் இருக்கும். ஹென்றி கிராஃபோர்ட் பெண் கேட்டு வந்து கீழே உட்கார்ந்திருக்கிறான். ஃபேனியைச் சின்ன வயதிலிருந்து தன் வீட்டில் வைத்து வளர்த்த சர் தாமஸ் பெர்ட்ரம் மாடியேறி வந்து விஷயத்தைச் சொல்கிறார். ஃபேனி மாட்டேன் என்கிறாள். அவ்வளவுதான், ஆரம்பித்துவிடுகிறார். பிடிவாதக்காரி, தன் இஷ்டத்துக்கு நடப்பவள், பெற்றோரையும் கூடப் பிறந்தவர்களையும் ஒரு நிமிஷம்கூட நினைத்துப் பார்க்காதவள் என்று அடுக்கிக்கொண்டே போய், கடைசியில் நன்றியில்லாதவள் என்ற இடத்தில் வந்து நிற்கிறார். பதினெட்டு வயதுப் பெண் தேம்பி அழுகிறாள்.

நாவல் படிக்கும்போது உறவுமுறைகளைப் பக்க ஓரத்தில் தமிழில் குறித்துக்கொள்வது என் பழக்கம். ஃபேனியின் அம்மா வீட்டுக்குக் கடைசிப் பெண். லேடி பெர்ட்ரம் அவளுடைய அக்கா. அப்படியானால் சர் தாமஸ் ஃபேனிக்குப் பெரியப்பா. ‘அங்கிள்’ என்று படித்தவரை எங்கோ தூரத்தில் இருந்த மனுஷன், ‘பெரியப்பா’ என்று எழுதியதும் அறைக்குள்ளேயே வந்து நின்றுவிட்டார். அதற்குப் பிறகு அந்த வசவுகள் என் காதில் வேறு மாதிரி விழுந்தன.

கேட்க நினைப்பது இதுதான். அந்தக் காலத்து வழக்கப்படி பார்த்தால் அவர் செய்தது தப்பா? இன்னொன்று, கிராஃபோர்ட் எப்படிப்பட்டவன் என்று ஃபேனிக்கு நன்றாகவே தெரியும். பெரியம்மா மகள்கள் மரியா, ஜூலியா இரண்டு பேரோடும் அவன் விளையாடியதைக் கண்ணால் பார்த்தவள். அதை வாயைத் திறந்து ஒரு வாக்கியத்தில் சொல்லியிருந்தால் பேச்சு அங்கேயே முடிந்திருக்கும். ஏன் சொல்லவில்லை? ஆஸ்டன் அவளை வேண்டுமென்றே ஊமையாக்கி வைத்திருக்கிறாரா?

பதில் 1

கோபப்படுவதற்கு முன்னால் கொஞ்சம் கணக்குப் பாருங்கள். நாவல் தொடங்குவதே கணக்கில்தான். ஹன்டிங்டனைச் சேர்ந்த மிஸ் மரியா வார்டு வெறும் 7,000 பவுண்டு சீதனத்தோடு ஒரு பாரனெட்டை, அதாவது பரம்பரை ‘சர்’ பட்டக்காரரை, பிடித்துவிட்டாள், நியாயமாக இன்னும் 3,000 பவுண்டாவது இருந்தால்தான் இந்த இடம் தகும் என்று வக்கீலான அவளுடைய மாமாவே சொல்கிறார். அந்த மிஸ் வார்டுதான் இப்போதைய லேடி பெர்ட்ரம். அவள் தங்கை மகள் ஃபேனிக்குச் சீதனம் எவ்வளவு? சுத்தமாக ஒன்றும் இல்லை. அப்பா வேலைக்கு லாயக்கில்லாமல் வீட்டில் உட்கார்ந்துவிட்ட மரீன் படை லெப்டினன்ட், போர்ட்ஸ்மத்தில் வீடு நிறையப் பிள்ளைகள்.

வந்திருக்கும் மாப்பிள்ளைக்கு நார்ஃபக்கில் எவரிங்கம் எஸ்டேட், ஆண்டுக்கு 4,000 பவுண்டு வருமானம். சீதனம் வேண்டாம் என்கிறான். போதாததற்கு, தன் மாமா அட்மிரலிடம் சொல்லி ஃபேனியின் அண்ணன் வில்லியமுக்கு லெப்டினன்ட் பதவியும் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான். எந்தப் பெரியவர் இதை வேண்டாம் என்பார்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர் ஃபேனியை அடிக்கவில்லை, பூட்டி வைக்கவில்லை, வீட்டை விட்டுப் போ என்று சொல்லவில்லை. ‘மாட்டேன்’ என்று அவள் சொன்ன பிறகு அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகவும் இல்லை. சட்டப்படியும் சம்மதமில்லாமல் கட்டி வைக்க முடியாது. திட்டினார், அவ்வளவே. அந்தக் காலத்துக்கு அவர் நல்ல பெரியப்பாதான்.

பதில் 2

நல்ல பெரியப்பாதான், ஒத்துக்கொள்கிறேன். அந்தக் காட்சி என்னை உலுக்குவதற்குக் காரணமே அதுதான். இதைச் சொல்ல எனக்கு ஒரு சொந்தக் காரணம் உண்டு. பத்து வயதிலிருந்து கல்லூரிக்குப் போகும்வரை நான் பெரியம்மா வீட்டில் வளர்ந்தவள். ஃபேனியும் பத்து வயதில்தான் மேன்ஸ்ஃபீல்டுக்கு வருகிறாள்.

கேட்டவர் வசவில் நின்றுவிட்டார். அதற்கு முன்னால் அந்த அறையைப் பாருங்கள். மாடியில் ‘கிழக்கு அறை’ என்று ஓர் அறை, பிள்ளைகள் பாடம் படித்த பழைய அறை. யாருக்கும் தேவைப்படாததால் ஃபேனிக்குக் கிடைத்தது. பிரிட்டிஷ் பிரபு வீட்டில் கணப்பு இல்லாத அறை என்றால் என்னவென்று யோசியுங்கள். அங்கே நெருப்பு மூட்டக் கூடாது என்று மூத்த பெரியம்மா மிஸஸ் நோரிஸின் உத்தரவு. வெளியே தரையில் பனி கிடக்கிறது. ஃபேனி சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். மாடிப்படியில் கனமான காலடிச் சத்தம் கேட்கிறது. பெரியப்பா வருகிறார். சின்ன வயதில் இதே அறைக்கு வந்து பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் கேள்வி கேட்பாரே, அந்தப் பயம் திரும்பி வந்துவிடுகிறது அவளுக்கு.

உள்ளே வந்ததும் அவர் கேட்கும் முதல் கேள்வி: இன்றைக்கு ஏன் நெருப்பு இல்லை?

அவள் என்ன சொல்கிறாள்? ‘எனக்குக் குளிரவில்லை, சர். இந்த மாதங்களில் இங்கே அதிக நேரம் உட்காருவதில்லை’ என்கிறாள். நோரிஸ் பெரியம்மா பெயர் அவள் வாயிலிருந்து சட்டென்று வரவில்லை. அவர்தான் தோண்டித் துருவித் தெரிந்துகொள்கிறார். தெரிந்துகொண்டதும் மனசுக்குக் கஷ்டமாகிவிடுகிறது. ஆனாலும் மிஸஸ் நோரிஸை விட்டுக்கொடுக்காமல், பிள்ளைகளைச் செல்லம் கொடுக்காமல் வளர்க்க வேண்டும் என்பது அவள் எண்ணம், எல்லாவற்றுக்கும் ஓர் அளவு உண்டுதான் என்று பூசி மெழுகுகிறார்.

யாரும் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை பெரியம்மா வீட்டில். ஆனாலும் அறையில் தனியாக இருக்கும்போது நான் மின்விசிறி போடமாட்டேன். புழுக்கத்தில் நோட்டுப் பக்கம் கையில் ஒட்டும், அப்படியே எழுதுவேன். ஒருநாள் பெரியப்பா அந்தப் பக்கமாகப் போனவர் நின்று பார்த்தார். ‘வேர்க்கலையா?’ என்றார். ‘இல்ல பெரியப்பா’ என்றேன். ஒன்றும் பேசாமல் சுவிட்சைத் தட்டிவிட்டுப் போனார். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு அழுகைதான் வந்தது. ஏன் என்று அப்போது தெரியவில்லை. இருபது வருஷம் கழித்து இந்த அத்தியாயத்தைப் படித்தபோதுதான் பிடிபட்டது.

ஏனென்றால் ஃபேனிக்கும் அதுதான் நடக்கிறது. திட்டி முடித்த பிறகு சர் தாமஸ் அவளை வெளியே தோட்டப் பக்கம் கொஞ்சம் நடந்துவிட்டு வரச் சொல்கிறார். பெரியம்மாக்களிடம் இதைச் சொல்லப்போவதில்லை என்கிறார். நல்ல மனசு. அவள் நடந்துவிட்டுத் திரும்பி வந்து கதவைத் திறந்தால் கண்ணில் படுகிற முதல் பொருள், கணப்பில் எரிகிற நெருப்பு. இனி தினமும் இங்கே நெருப்பு மூட்டச் சொல்லி சர் தாமஸ் உத்தரவு என்று வேலைக்காரப் பெண் வந்து சொல்கிறாள். நன்றியில்லாதவள் என்று சொன்ன சூடுகூட ஆறியிருக்காது, நன்றி சொல்ல இன்னொரு காரணத்தையும் மூட்டி வைத்துவிட்டார். தான் நன்றி மறந்தால் மிருகம்தான் என்று அவளே தனக்குச் சொல்லிக்கொள்கிறாள். செஞ்சோற்றுக் கடன் என்று நாம் சொல்வோமே, அது இங்கே விறகாக வந்து எரிகிறது.

இப்போது இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். ஏன் சொல்லவில்லை?

சர் தாமஸ் அவளிடம் கேட்கிறார்: கிராஃபோர்டின் சுபாவத்தில் ஏதாவது குறை கண்டாயா? ‘இல்லை, சர்’ என்கிறாள். சுபாவத்தில் இல்லை, நெறியில்தான் என்று சேர்த்துச் சொல்ல நாக்கு நுனிவரை வருகிறது. சொல்லவில்லை. சொன்னால் அடுத்த கேள்வி ‘எப்படித் தெரியும்?’ என்று வரும். பதில் சொல்ல மரியாவை இழுக்க வேண்டும். மரியா அதற்குள் மிஸஸ் ரஷ்வொர்த் ஆகிவிட்டாள். கல்யாணமாகிப் போன பெண்ணின் மானத்தை அவள் அப்பாவிடமே போட்டு உடைப்பதா? அதுவும் யார், அந்த வீட்டுச் சோற்றில் வளர்ந்தவள்? மரியாவைக் காப்பாற்ற வேண்டும், அதற்காகத் தான் பழி சுமக்க வேண்டும். அவளுக்கு வேறு வழி இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

ஊமை என்றீர்களே, ரஷ்வொர்த்தின் எஸ்டேட்டான சாதர்டனுக்கு எல்லாரும் போகும் பயணத்தை மறுபடி படியுங்கள். அங்கே அவள் வாயைத் திறக்கத்தான் செய்தாள். பூங்காவில் இரும்புக் கதவு பூட்டியிருக்கிறது. ரஷ்வொர்த் சாவி எடுக்க வீட்டுக்கு ஓடுகிறான். நிச்சயமான மாப்பிள்ளை சாவிக்காக ஓடும்போது மரியா கிராஃபோர்டோடு கதவின் ஓரமாக நுழைந்து அந்தப் பக்கம் போகப் பார்க்கிறாள். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஃபேனி என்ன சொல்லித் தடுக்கிறாள் தெரியுமா? கூரான இரும்புக் கம்பி குத்தும், கவுன் கிழியும், பள்ளத்தில் சறுக்கி விழுவாய் என்கிறாள். ‘இது தப்பு’ என்று சொல்லும் உரிமை அந்த வீட்டில் அவளுக்குக் கிடையாது. கவுன் கிழியும் என்று சொல்லத்தான் உரிமை உண்டு. மரியா சிரித்துக்கொண்டே, கவுனும் நானும் பத்திரம் என்று சொல்லிவிட்டுப் போகிறாள்.

நாவல் முழுக்க இந்த விளையாட்டுதான் நடக்கிறது. கிராஃபோர்ட் சபையில் நடந்துகொள்வதில் ஒரு குறை சொல்ல முடியாது. யாரிடம் எப்படிப் பேசுவது, எப்போது எழுந்து நிற்பது, வயதான பெண்மணிக்கு என்ன வாசித்துக் காட்டுவது, எல்லாம் தெரியும். சர் தாமஸ் அதை ஒழுக்கம் என்று எடுத்துக்கொள்கிறார். ‘கிராஃபோர்ட் ஜூலியாவைக் கேட்டிருந்தால், மரியாவை ரஷ்வொர்த்துக்குக் கொடுத்ததைவிட மகிழ்ச்சியாகக் கொடுத்திருப்பேன்’ என்று ஃபேனியிடமே சொல்கிறார் பாருங்கள், அந்த இடத்தில் எனக்கு ஒரு நிமிஷம் மூச்சு நின்றது. இரண்டு மகள்களையும் ஒன்றுக்கொன்று எதிரியாக்கிய ஆளைப் பற்றி, அதைப் பார்த்த ஒரே சாட்சியிடம்.

தப்பா என்று கேட்டால், திட்டியது பெரிய தப்பில்லை. கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டுவிட்டுத் தனக்குச் சௌகரியமான பதில் வந்ததும் நிறுத்திக்கொள்வது அவர் வழக்கம். மரியாவிடமும் அதையேதான் செய்தார். ரஷ்வொர்த் மண்டு என்று தெரிந்து, ‘பிடிக்கவில்லை என்றால் நிறுத்திவிடலாம்’ என்று முறையாகக் கேட்டார். அவள் இல்லை என்றதும் அப்பாடா என்று விட்டுவிட்டார். ஆண்டுக்கு 12,000 பவுண்டு வருமானம், பக்கத்துச் சம்பந்தம். அந்த ‘இல்லை’யைத் துருவிப் பார்க்க எந்த அப்பாவுக்கு மனசு வரும்? கணப்பு விஷயத்தில் தோண்டித் துருவியவர் கல்யாண விஷயத்தில் ஒருமுறைகூடத் துருவவில்லை.

கேட்டவர்

கணப்பை நான் சாதாரணமாகத் தாண்டிப் போயிருக்கிறேன். மறுபடி படித்தேன். நன்றி, மின்விசிறிக்கும் சேர்த்து.

அடுத்த அத்தியாயத்தில் லேடி பெர்ட்ரம் சோபாவில் சாய்ந்தபடி, இப்படிப்பட்ட வரனை ஏற்றுக்கொள்வது ஒரு பெண்ணின் கடமை என்று அறிவுரை சொல்கிறாளே, எட்டு வருஷத்தில் ஃபேனிக்கு அவள் சொன்ன ஒரே அறிவுரை அதுதானாம். கையோடு, அடுத்த தடவை என் நாய் பக் குட்டி போட்டால் உனக்கு ஒன்று தருகிறேன், மரியாவுக்குக்கூட நான் அப்படித் தரவில்லை என்கிறாள். சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன்.

ஒரு உறுத்தல் மட்டும் பாக்கி. பக்க ஓரத்தில் குறித்து வைத்த உறவுமுறை கடைசியில் என் காலையே வாரிவிட்டது. எட்மண்ட் பெரியம்மா மகன். அதாவது அண்ணன். கடைசியில் ஃபேனி அவனைத்தான் கட்டிக்கொள்கிறாள்! ஆங்கிலத்தில் ‘கசின்’ என்று ஓடிக்கொண்டிருந்தபோது உறைக்கவேயில்லை.

பதில் 3

அது தமிழில் குறித்ததன் விளைவு. ஆங்கில திருச்சபையின் கணக்கு வேறு. ஆர்ச்பிஷப் பார்க்கர் 1563இல் வகுத்த தடை உறவுப் பட்டியலில் பெரியம்மா மகன், மாமா மகன், அத்தை மகன் யாருமே கிடையாது. எல்லாரும் ‘கசின்’, எல்லாரையும் கட்டலாம். அந்தப் பட்டியலில் இருந்தது யார் தெரியுமா? மனைவியின் சகோதரி. மனைவி செத்த பிறகு மச்சினியைக் கட்டிக்கொள்வதற்கு இங்கிலாந்தில் 1907வரை சட்டம் இடம் கொடுக்கவில்லை. நமக்கு இயல்பாகத் தெரிவது அவர்களுக்குப் பாவம், அவர்களுக்கு இயல்பு நமக்கு அபச்சாரம்.

ஆஸ்டன் வீட்டிலேயே அப்படி ஒரு கல்யாணம் நடந்தது. அவர் அண்ணன் ஹென்றி 1797இல் எலைசாவைக் கட்டிக்கொண்டார். எலைசா அவர்களுக்கு அத்தை மகள். இது நம் முறைக்கும் ஒத்துவரும்!

ஆனால் உங்கள் உறுத்தல் நாவலுக்கு வெளியே இருந்து வந்தது என்று நினைக்காதீர்கள். முதல் அத்தியாயத்திலேயே இருக்கிறது. ஃபேனியைக் கொண்டுவந்து வளர்க்கலாமா என்ற பேச்சு வரும்போது சர் தாமஸின் தயக்கங்களில் ஒன்று, பையன்கள் இருக்கிற வீடாயிற்றே என்பது. மிஸஸ் நோரிஸ் அதைத் தட்டிவிடுகிறாள். அண்ணன் தங்கையாகச் சேர்ந்து வளர்ந்தால் அப்படி ஒன்று நடக்கவே நடக்காது, அதைத் தடுக்க இதைவிட நல்ல வழியே இல்லை என்கிறாள். அந்த மூன்று தொகுதியும் அவள் சொன்னதைப் பொய்யாக்கத்தான் போகிறது. எட்மண்ட் ஃபேனிக்கு முதலில் செய்த உதவி என்ன? மாடிப்படியில் உட்கார்ந்து அழுத குழந்தைக்குக் காகிதம் கொடுத்து, கோடு போட்டுக் கொடுத்து, வில்லியமுக்குக் கடிதம் எழுத வைத்தது. அண்ணனுக்குக் கடிதம் எழுத உதவியவன் அண்ணன் இடத்துக்கே வருகிறான். ஃபேனியின் மனசில் வில்லியமுக்கும் எட்மண்டுக்கும் நடுவில் இருக்கும் கோடு கொஞ்சம் மங்கலாகவே இருக்கிறது. ஆஸ்டனும் அதை அழிக்க முயலவில்லை.

பதில் 4

முதலில் பதில் சொன்னவர் கணக்குப் பார்த்தார். நான் ஆசிரியரின் கணக்கைச் சொல்கிறேன். 1802 டிசம்பரில் ஹாரிஸ் பிக்-விதர் என்பவர் ஜேன் ஆஸ்டனைப் பெண் கேட்டார். நல்ல சொத்து, தெரிந்த குடும்பம், ஆஸ்டனுக்கு இருபத்தாறு வயது, கையில் காசு கிடையாது. சரி என்றார். மறுநாள் காலை மனசு மாறி முடியாது என்று சொல்லிவிட்டு அந்த வீட்டிலிருந்து கிளம்பிவிட்டார். கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

இந்த நாவல் வந்தது 1814இல். அதே வருஷம் நவம்பரில் அண்ணன் மகளுக்கு எழுதிய கடிதத்தில், அன்பில்லாமல் கல்யாணம் செய்துகொள்வதைவிட வேறு எதை வேண்டுமானாலும் தாங்கிக்கொள்ளலாம் என்று எழுதினார். அந்த அண்ணன் மகளின் பெயரும் ஃபேனி.

ஒரு வேடிக்கை. நாவலைப் படித்தவர்கள் என்ன சொன்னார்கள் என்று ஆஸ்டனே ஒரு குறிப்பு எழுதி வைத்தார். அதில் அவருடைய சொந்த அம்மாவின் தீர்ப்பு: ஃபேனி உப்புச் சப்பில்லாதவள். அம்மாவுக்குப் பிடித்தது மிஸஸ் நோரிஸை!

கேட்டவர்

கடைசியாக ஒன்று. சர் தாமஸ் எங்கேயாவது ஃபேனியிடம் மன்னிப்புக் கேட்கிறாரா? எனக்கு இன்னும் ஏழெட்டு அத்தியாயம் பாக்கி. முதல் தடவை படித்தது மறந்துவிட்டது.

பதில் 2

வாயால் கேட்பதில்லை. பெரியப்பாக்கள் கேட்பதில்லை.

மரியா கிராஃபோர்டோடு ஓடிப்போன பிறகு உட்கார்ந்து யோசிக்கிறார். மகள்களுக்குப் பிரெஞ்சும் நடனமும் நடை உடையும் கற்றுக் கொடுத்தோம், ஆசையை அடக்கக் கற்றுக் கொடுக்கவில்லை, மதத்தை ஏட்டளவில் சொல்லிக் கொடுத்தோம், அன்றாடத்தில் அதை நடத்திக் காட்டச் சொல்லவில்லை என்று தனக்குத்தானே கணக்கு எழுதுகிறார். ரஷ்வொர்த் விவாகரத்து வாங்குகிறான். அந்தக் காலத்தில் அதை முழுசாக முடிக்க நாடாளுமன்றத்தில் தனிச் சட்டமே போட வேண்டும், ஆகவே ஊருக்கெல்லாம் தெரியும். கிராஃபோர்டுக்கு அந்த அளவு அவமானம் இல்லை. ஆஸ்டன் அதைக் கசப்போடு ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகிறார், கவனித்துப் படியுங்கள்.

மகளை அவர் வீட்டுக்குள் சேர்ப்பதில்லை. வேறு ஊரில் தனி வீடு, கூட மிஸஸ் நோரிஸ். ஃபேனியைத்தான், தனக்கு வேண்டியிருந்த மகள் இவள்தான் என்று நினைத்துக்கொள்கிறார். மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டால் அதுதான். எனக்கு அது போதவில்லை.

அப்புறம், போர்ட்ஸ்மத்திலிருந்து ஃபேனி தன் தங்கை சூசனைக் கூட்டிக்கொண்டு வருவாள். ஃபேனிக்குக் கல்யாணமானதும் லேடி பெர்ட்ரமின் சோபாப் பக்கத்தில் சூசன் போய் உட்கார்ந்துகொள்கிறாள், நிரந்தரமாக. அவள் ஃபேனி மாதிரி இல்லை, பயம் குறைச்சல். சந்தோஷமாகத்தான் இருக்கிறாள்.

கேட்டவர்

சூசனுக்காவது அந்த நாய்க்குட்டி கிடைத்ததா?